கலைச்சொல்: ‘டிரைவால்’, அதன் மேல் தாள், அதற்கும் மேல் தாள்
(மொழிபெயர்ப்புச் சொல் ஒன்றைப் பற்றிய மடல் உரையாடல். எழுதுபவர்கள் தம் மும்பைப் பகுதியின் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

மாட்டுங்கா மடல்:
அனைவருக்கும் வணக்கம். பழைய வால்பேப்பரை எடுக்க உதவும் கரைசல் ஒன்றின் பயன்பாட்டுக் குறிப்பை நாளை மாலைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். மூலம் அமெரிக்க வீடுகளுக்காக எழுதப்பட்டது. அங்கே உள்சுவர் பெரும்பாலும் ‘டிரைவால்’ என்னும் பலகைதான்: நடுவில் ஜிப்சம், இருபுறமும் கனத்த தாள், வழக்கமாக அரை அங்குலத் தடிமன். சிக்கல் என்னவென்றால், வால்பேப்பரும் தாள், பலகையின் முகப்பும் தாள். முதலாவதை உரிக்க வேண்டும். இரண்டாவதில் கீறல்கூட விழக்கூடாது. ‘தாளை மெல்ல உரிக்கவும்’ என்றால் வாசகர் எதை உரிப்பார்? டிரைவாலுக்கு இப்போதைக்கு ‘உலர்சுவர்’ என்று போட்டிருக்கிறேன்.

செம்பூர் மடல்:
அம்மா, உலர்சுவர் வினைத்தொகை. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்று நன்னூல் சொல்லிவிட்டது. உலர்ந்த சுவரும் அதற்குள் உண்டு, இன்னும் உலர்ந்துகொண்டிருக்கும் சுவரும் உண்டு. ஈரச் சுவர் என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவர்மேல் குற்றமில்லை. ஈரக் கலவை பூசாமல் எழுப்புவதால்தானே ஆங்கிலத்தில் அந்தப் பெயர்? எனவே ‘பூசாச்சுவர்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். ஒரு வேடிக்கையையும் பாருங்கள்: நெடுநல்வாடை அரண்மனைச் சுவரை ‘வெள்ளி அன்ன விளங்கும் சுதை உரீஇ’ என்கிறது. அங்கே ‘உரீஇ’ என்றால் பூசி! நாமோ உரிக்கச் சொல் தேடுகிறோம்.

முலுண்டு மடல்:
சுவரிருக்கட்டும், ‘ஜிப்சம்’ எதற்கு? சித்த மருத்துவத்தில் அதன் பெயர் கற்பூர சிலாசத்து. ‘சிலாசத்துப் பலகை’ என்க.

மாட்டுங்கா மடல்:
ஐயா, அப்படி எழுதினால் பலகையை அரைத்துத் தேனில் குழைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். வடசொல் வாடையும் போகவில்லை. என் கேள்வி இரண்டு தாள்களைப் பற்றியது.

தாராவி மடல்:
முப்பது ஆண்டுகளாகப் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்கிறேன். என் ஆட்களில் ஒருவரும் இதைச் சுவர் என்று சொன்னதில்லை. ஜிப்சம் போர்டு, அல்லது வெறும் போர்டு. முகப்புத் தாளைத் ‘தோல்’ என்போம். போன மழைக்காலத்தில் அந்தேரியில் ஓர் அலுவலகத் தடுப்பு. வால்பேப்பரின் வினைல் மேற்பரப்பு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பின்தாள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் வாளி நீரை அள்ளி அடித்து, இரும்புத் தகட்டால் குத்திச் சுரண்டினான். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருண்டு வந்தது, கீழே வெள்ளை மாவு. பயந்துபோய் அதன்மேல் பட்டி (சுவரைச் சமன்செய்யும் பசை) இழுத்தான். ஈரம் குடித்த தாள் அப்பளம்போல் கொப்புளித்தது. பிறகு கிழிந்த ஓரங்களைப் பிளேடால் வெட்டி, எண்ணெய் பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்துக் காயவிட்ட பின்புதான் பட்டி நின்றது.

சரியான வழி எளிது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம். ஸ்பாஞ்சைப் பிழிந்து ஒற்றி 15 நிமிடம் பொறுக்க வேண்டும். பிளாஸ்டிக் தகட்டைப் படுக்கவைத்துத் தள்ள வேண்டும். ஆனால் பிரைமர் அடிக்காத போர்டில் ஒட்டியிருந்தால் எவ்வளவு பொறுத்தாலும் அங்கங்கே தோலும் சேர்ந்துதான் வரும். இதைக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். சொல் எதுவானாலும் சரி.

செம்பூர் மடல்:
‘தோல்’ அருமை. தொல்காப்பியர் எண்ணும் எட்டுச் செய்யுள் வனப்புகளில் ஒன்றின் பெயரும் தோல். அம்மை, அழகு, தொன்மை, தோல்...

மாட்டுங்கா மடல்:
ஐயா, மணி பதினொன்று. வால்பேப்பருக்கு ‘சுவர்த்தாள்’, முகப்புத் தாளுக்கு ‘பலகையின் தோல்’, டிரைவாலுக்கு ‘ஜிப்சம் பலகை’. ‘சுவர்த்தாளை உரிக்கவும், தோலைக் கிழிக்க வேண்டாம்.’ மறுப்பு உண்டா?

செம்பூர் மடல்:
தோலுக்கு மறுப்பில்லை. பூசாச்சுவரை அடைப்புக்குறிக்குள்ளாவது தரலாம்.

முலுண்டு மடல்:
எனக்கு மறுப்பு உண்டு. ஜகரம் மொழிக்கு முதலில் வராது. ‘சிப்சம்’ என்றாவது திருத்துங்கள்.

தாராவி மடல்:
கடையில் போய்ச் சிப்சம் கேட்டால் நேந்திரம்பழச் சிப்ஸ்தான் நிறுத்துக் கொடுப்பான், ஐயா.

மாட்டுங்கா மடல்:
ஜகரத்தோடு அனுப்பிவிட்டேன். முலுண்டு ஐயா பொறுத்தருள்க.

முலுண்டு மடல்:
பொறுக்கவில்லை. விரிவாக நாளை எழுதுகிறேன்.