புது விசேஷ சைட்: எல்லாரும் ‘சூப்பர்’ என்கிறார்கள், ஒருவரும் திரும்ப வரவில்லை (அவசரம்)

தாம்பூலப்பை · ஞாயிறு இரவு 11:48
விசேஷம் நடத்துபவர்களுக்காக ஒரு சைட் செய்திருக்கிறேன். 8 மாத உழைப்பு, லைவ் ஆகி 3 வாரம். தெரிந்தவர்கள் 40 பேருக்கு லிங்க் அனுப்பிக் கருத்து கேட்டேன். 26 பேர் பதில் போட்டார்கள். அத்தனையும் ‘சூப்பர்’, ‘வாழ்த்துகள்’, கைதட்டும் பொம்மை. உள்ளே பார்த்தால் விசேஷத்தை முழுதாகப் பதிந்தவர்கள் 2 பேர். அதில் ஒருவன் என் தம்பி. உண்மையான கருத்தை எப்படி வாங்குவது? கூகுள் ஃபார்ம் அனுப்பலாமா, எத்தனை கேள்வி வைக்கலாம்? ஆவணி முகூர்த்தத்துக்குள் சரி செய்தாக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈயச்சொம்பு · 11:59
என்ன விசேஷம்? கல்யாணமா, காதுகுத்தா, ஆபீஸ் ஆண்டு விழாவா? சைட் என்ன செய்யும்? லிங்க் எங்கே?

கொத்தமல்லிக்கட்டு · திங்கள் 12:07
அந்த 40 பேர் யார்? கூட வேலை பார்ப்பவர்களா, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களா? போனில் திறந்தார்களா, கம்ப்யூட்டரிலா? தமிழில் இருக்கிறதா?

வெட்டிவேர் · 12:20
சைட்டுக்குள் நுழையக் கேட்கும் ஓடிபிதான் சிக்கல். கேட்கவே வேண்டாம். எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி-யில் (டெலிகாம் கம்பெனிகளின் பதிவுத் தளம்) பதிவு செய்து, டெம்ப்ளேட்டுக்கு, அதாவது மெசேஜின் மாதிரி வாசகத்துக்கு, ஒப்புதல் வாங்கினீர்களா? வாசகம் டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் மெசேஜ் போய்ச் சேராது. உங்களுக்குத் தெரியாது, அவர்களும் சொல்ல மாட்டார்கள். நான் இதில் 2 மாதம் தொலைத்தவன்.

சுவர்க்கோழி (மூத்த உறுப்பினர்) · காலை 6:15
இதே கேள்வி மாதம் இரண்டு முறை வருகிறது. கேட்கும் முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சைட்டுகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார்: 5 பேரை வைத்துச் சோதித்தால் 85% குறைகள் தெரிந்துவிடும். 40 பேருக்கு அனுப்பியதே தவறு. அடிப்படை படித்துவிட்டு வாருங்கள்.

கொத்தமல்லிக்கட்டு · 8:02
ஐயா, அடிப்படையை நாமும் முழுதாகப் படிக்கலாம். ஒரு ஆள் சராசரியாக 31% குறைகளைக் கண்டுபிடிப்பார் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அதிலும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால்தான். பட்டன் எங்கே இருக்கிறது என்று திணறுவது அதில் தெரியும். இந்த சைட் யாருக்காவது தேவையா என்பது தெரியாது.

சுவர்க்கோழி · 8:10
நான் சொன்னதும் அதுதான்.

வாழைமரம் · 8:41
ஆடி மாதம் நண்பரே, ஆடி! யார் கல்யாணம் பேசுவார்கள்?

ஈயச்சொம்பு · 8:55
கல்யாணம்தான் வைக்க மாட்டார்கள், ஏற்பாடு நடக்காமல் இருக்குமா? ஆவணியில் தாலி கட்ட ஆடியிலா மண்டபம் தேடுவது என்று எங்கள் பெரியப்பா வைகாசியிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

தாம்பூலப்பை · மதியம் 1:30
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் உண்டு. விருந்தினர் பட்டியல், செலவுக் கணக்கு, மண்டபம், சமையல், பந்தல்காரர் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாம் ஒரே இடத்தில். 40 பேரும் பெரும்பாலும் ஆபீஸ், காலேஜ் நண்பர்கள். ஓடிபி போகிறது, பார்த்துவிட்டேன். முதல் பக்கத்தில் பெயர், தேதி, ஊர், ஆள் எண்ணிக்கை கேட்கும், அவ்வளவுதான். லிங்க் அப்புறம் தருகிறேன், சர்வர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பந்திப்பாய் · 2:05
மொய்க்கணக்கு சேருங்கள், கூட்டம் தானாக வரும். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று நோட்டைப் புரட்டிப் பார்க்காத வீடு உண்டா?

வாழைமரம் · 2:19
மொய் நோட்டு பீரோவில் இருக்க வேண்டிய பொருள். முன்பின் தெரியாத சர்வரில் எவன் ஏற்றுவான்?

பந்திப்பாய் · 2:26
பேராவூரணி பக்கம் மொய் விருந்துக்குப் போய்ப் பாருங்கள். லேப்டாப்பில் பதிந்து கையில் ரசீது கொடுக்கிறார்கள்.

வாழைமரம் · 2:31
அங்கே அது கடன் மாதிரி, திரும்பி வரும் பணம். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பத்திரிகையிலேயே ‘மொய் தவிர்க்கவும்’ என்று போட்டோம்.

பந்திப்பாய் · 2:33
போட்டும் வாங்கினீர்களா இல்லையா?

வாழைமரம் · 2:50
தாய்மாமன் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது? அது வேறு.

ஈயச்சொம்பு · 3:12
மொய்யை விடுங்கள். விருந்தினர் பட்டியலில் இருப்பதெல்லாம் அடுத்தவர் போன் நம்பர். 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. நம்பர் எங்கே போகிறது என்று பக்கத்தில் ஒரு வரியாவது எழுதியிருக்கிறீர்களா?

கொத்தமல்லிக்கட்டு · 4:40
தாம்பூலப்பை, ஃபார்ம் வேண்டாம். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சாப்பாடு எப்படி என்று பந்தியில் கேட்பது போலத்தான்.

அடுத்த 3 மாதத்தில் வீட்டில் விசேஷம் வைத்திருக்கும் 3 பேரைப் பிடியுங்கள். கல்யாணப் பெண்ணோ மாப்பிள்ளையோ வேண்டாம். அலைந்து திரிந்து ஏற்பாடு செய்யும் மாமாவோ சித்தியோ யாரோ, அவர்கள். ‘போன முறை மண்டபம் எப்படிப் பிடித்தீர்கள்’ என்று முதலில் நடந்ததைக் கேளுங்கள். அப்புறம் அவர்கள் போனிலேயே சைட்டைத் திறந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘அங்கே அமுக்குங்க’ என்று ஒரு வார்த்தை வந்தாலும் சோதனை கெட்டது. விரல் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய கருத்து.

நேரில் போக முடியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி போடுங்கள், இலவசம். எங்கே தட்டினார்கள், எங்கே விட்டுப் போனார்கள் என்பது பதிவாகும். இனி வருபவர்களுக்குத்தான், போன 3 வாரம் கிடைக்காது.

வெட்டிவேர் · 5:01
வெளிநாட்டு நம்பருக்கு ஓடிபி போகிறதா என்று பார்த்தீர்களா? மலேசிய மாமா?

சுவர்க்கோழி · 5:30
தலைப்பை விட்டு மொய்க்குப் போனவர்களைக் கவனத்தில் வைத்திருக்கிறேன்.

தாம்பூலப்பை · சனி காலை 10:14
3 பேரைப் பார்த்தேன். மூவரும் நின்றது ஒரே இடம், தேதி. அது இல்லாமல் அடுத்த பக்கம் போக முடியாது. ஜோசியர் குறித்துக் கொடுத்த 4 தேதியைச் சீட்டில் வைத்துக்கொண்டு, எந்த மண்டபம் எந்த நாளில் காலி என்று பார்த்துத்தான் நாளையே முடிவு செய்கிறார்கள். ஒரு அம்மா வாயில் வந்த தேதியைப் போட்டுவிட்டு, ‘அது அஷ்டமியா தம்பி’ என்று பயந்து போனை மூடி வைத்துவிட்டார். ஒரு மாமா 20 நிமிடம் மண்டபக்காரரோடு போனில் பேசினார், சைட்டைத் தொடவே இல்லை. இப்போது 4 தேதி வரை போடலாம், காலியாகவும் விடலாம். மீதி அப்புறம் எழுதுகிறேன். நன்றி.

ஈயச்சொம்பு · 10:31
அருமை. லிங்க்?

வாழைமரம் · செவ்வாய் இரவு 9:05
லிங்க் வந்ததா யாருக்காவது? எங்கள் வீட்டில் தையில் விசேஷம் இருக்கிறது.