பெட்டீட் என்றால் ஒல்லியா, குள்ளமா?

காவேரிக்கரை:
அடுத்த மாதம் டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். எனக்குப் பேன்ட் வாங்கி வைக்க அளவு கேட்டாள். 5 அடி உயரம், 74 கிலோ என்று உள்ளதைச் சொன்னேன். "அப்போ உனக்கு பெட்டீட்தாம்மா" என்கிறாள். அகராதியில் சிறிய, மெல்லிய உடல்வாகுள்ள பெண் என்று போட்டிருக்கிறது. என்னை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெற்ற தாயையே கிண்டல் செய்கிறாளா?

அகராதிப்பூச்சி:
கிண்டல் இல்லை அம்மா. ஆளைச் சொல்லும்போது அகராதி சொல்வதுதான்: குள்ளமாக, ஒடிசலாக இருக்கும் பெண். பாராட்டாகத்தான் சொல்வார்கள். ஆண்களுக்குச் சொல்ல மாட்டார்கள். குட்டையாக, கட்டையாக இருக்கும் ஆணுக்கு ஸ்டாக்கி என்பார்கள். துணிக்கடை அளவு வேறு கதை, தையல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நூல்கண்டு:
திருப்பூரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவம், போடுகிறவன் நான். அக்கா, கடையில் பெட்டீட் என்பது உயரக் கணக்கு மட்டும்தான், எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எங்களிடம் துணி வாங்கும் அமெரிக்கக் கம்பெனிகள் பொதுவாக 5 அடி 4 அங்குலமும் அதற்குக் கீழும் என்று வைத்திருப்பார்கள். சைஸ் எண்ணோடு 'பி' சேர்ந்திருக்கும். பருமனான உடம்புக்கென்றே '16 டபிள்யூபி' மாதிரி தனி வரிசையும் உண்டு. உங்கள் மகள் அதைத்தான் பார்த்திருப்பார்.

"சாதா சைஸ் வாங்கி அடியில் மடித்துத் தைத்தால் போதாதா" என்று எங்கள் யூனிட்டிலேயே புதுசாக வரும் பையன்கள் கேட்பார்கள். போதாது. பேன்ட்டில் முழங்காலுக்கு என்று வைத்த வடிவம் கெண்டைக்காலில் போய் உட்காரும். ரைஸ், அதாவது இடுப்புக்கும் தொடை இடுக்குக்கும் நடுவே உள்ள நீளம், அதிகமாகித் துணி தொங்கும். மேல்சட்டையில் தோள் இறங்கும், ஆர்ம்ஹோல், அதாவது கை நுழையும் வளைவு, ஆழமாகும், இடுப்புச் சுருக்கம் இடுப்பெலும்பில் விழும். அதனால் பெட்டீட்டுக்கான அளவுப் பட்டியல் வந்தால் தோள், ஆர்ம்ஹோல், கை நீளம், ரைஸ், முழங்கால் எல்லாவற்றையும் மேலே ஏற்றி வேறு பேட்டர்ன் போடுவோம். கட்டிங்கில் சாதா, பெட்டீட் இரண்டு அடுக்கும் கலந்துவிட்டால் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது.

சொல்லாய்வி:
ஒரு சின்ன இடைச்செருகல். பிரெஞ்சில் 'பெத்தி' என்றால் சிறிய. அதன் பெண்பால்தான் இது. சில்லறையான என்று பொருள்படும் ஆங்கிலத்தின் 'பெட்டி'யும் அங்கிருந்து வந்ததுதான். நம் ஸ்டேஷன்களில் போடும் பெட்டி கேஸும், பாவாடைக்குச் சொல்லும் பெட்டிகோட்டும் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். உச்சரிக்கும்போது 'டீட்' என்று நீட்டுங்கள், 'டைட்' இல்லை.

காவேரிக்கரை:
மகள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. தம்பி, சல்வார் டாப்புக்கும் இப்படிப் பார்க்க வேண்டுமா?

நூல்கண்டு:
அதற்கு டெக்சாஸ் வரை போக வேண்டாம் அக்கா, நம் டெய்லரே உடம்பில் அளவு எடுத்துத் தைத்துவிடுவார். பேன்ட்டுக்கு மட்டும், உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழையது ஒன்றை எடுத்து, கவட்டிலிருந்து கீழ் விளிம்பு வரை உள்தையலை டேப்பில் அளந்து அனுப்புங்கள். அதுதான் இன்சீம். இடுப்பு, பின்பக்கச் சுற்றளவையும் சேர்த்து அனுப்புங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், அந்தந்த சைஸ் சார்ட்டைப் பார்த்துத்தான் வாங்கச் சொல்ல வேண்டும்.