மூணு பேரா லுட்விக் கோட்டை ஆடினா நான் மட்டும் ஏன் கடைசி?

மேடவாக்கம்_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். பிட்வீன் டூ காசில்ஸ் ஆஃப் மேட் கிங் லுட்விக்ங்கற போர்டு கேம் ஆடுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? பக்கத்துல உக்காந்திருக்கறவங்களோட சேந்து, ரூம் படம் போட்ட அட்டை டைலா அடுக்கி கோட்டை கட்டுறது. நாத்தனார் சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு வந்தாங்க, மழை லீவுல எடுத்தோம், இப்ப தினமும் நைட்டு சாப்பிட்டதும் ஒரு ஆட்டம். நான், என் வீட்டுக்காரர், மாமியார், மூணே பேர். எனக்கும் அத்தைக்கும் நடுவுல ஒரு கோட்டை, எனக்கும் அவருக்கும் நடுவுல ஒண்ணு, அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு. நேத்து அம்மாவும் பையனும் கட்டினது 68, அத்தையோட நான் கட்டினது 57, அவரோட கட்டினது 52. ரெண்டு கோட்டைல எது கம்மியோ அதான் நம்ம ஸ்கோர்ங்கறதால அத்தை 57 எடுத்து ஜெயிச்சுட்டாங்க, நானும் அவரும் 52, டை ஆனா பெரிய கோட்டையப் பாக்கணுமாம், அவருக்கு 68 எனக்கு 57, ஆக நான் கடைசி. நாலு நாளா இதே கதைதான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்லுவாங்கல்ல, அந்த மத்தளம் நான்தான். என்ன தப்பு பண்றேன்?

பகடை மாமா:
தப்பு உங்க மேல இல்லம்மா, கணக்கு அப்படி. மூணு பேர் ஆட்டத்துல இருக்கறதே மூணு கோட்டை, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர் பங்கு. ஆகக் கம்மியான கோட்டை எதுவோ அதுல பங்கு இருக்குற ரெண்டு பேரும் காலி, பங்கு இல்லாத மூணாவது ஆள்தான் ஜெயிப்பாங்க. அதாவது நீங்க ஜெயிக்கணும்னா அந்த அம்மா-பையன் கோட்டை கடைசியா வரணும். அது 68 போட்டு டாப்புல நிக்கிற வரைக்கும் நீங்க என்ன குட்டிக்கரணம் போட்டாலும் ஒண்ணும் நடக்காது.

உங்க வீட்டுக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லுங்க. அந்த 68 அவருக்கு டைல உங்களை முந்தத்தான் உதவுச்சு, அவர் ஸ்கோர் உங்க கோட்டையோட 52தான். அங்க கொண்டு போய்க் கொட்டின நல்ல டைல்ல ரெண்டு மூணை இந்தப் பக்கம் வச்சிருந்தா அவர் ஜெயிக்கவே சான்ஸ் இருந்துச்சு. அம்மா பாசம் கண்ணை மறைச்சிருக்கு, வேற என்ன சொல்ல.

அடையார் ஆலமரம்:
மாமா சொன்னது கரெக்ட். கூட ஒண்ணு, கைல 9 டைல் எடுத்து ரெண்டு ரெண்டா வச்சுட்டு மீதிய பக்கத்துல தள்ளுறோம்ல, மூணு பேர்னா நீங்க முதல்ல பாத்த அதே கட்டு நாலாவது டர்ன்ல 3 டைலா திரும்பி உங்ககிட்டயே வரும். முதல் கட்டுல என்னென்ன இருந்துச்சுன்னு மனசுல வச்சுக்கோங்க, யார் எதை எடுத்தாங்கன்னு அப்பவே தெரிஞ்சிடும். ஒரே வகை ரூம் மூணு சேந்தா போனஸ், அஞ்சு சேந்தா ஸ்பெஷல் ரூம், இதையும் விடாதீங்க. என் தங்கச்சி அழகா இருக்குன்னு எல்லா வகையும் ஒவ்வொண்ணு வைப்பா, பாக்க லட்சணமா இருக்கும், போனஸ் ஒண்ணும் வராது.

அப்புறம் மேடவாக்கம்னா ஈரம் ஜாஸ்தி, ஜாக்கிரதை. போன நவம்பர்ல என் டைல் எல்லாம் ஓரம் வளைஞ்சு, கூட வர்ற பிளாஸ்டிக் ட்ரேல உக்காரவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. ஷூ டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு உள்ள போட்டு வைங்க.

கார்ட்போர்டு காதலன்:
எனக்கு இந்த கேம் அவ்ளோவா ஒட்டல. ஆடுறது முக்கா மணி நேரம்னா கூட்டல் போடுறது இன்னொரு ஆட்டம். எந்த ரூம் எதைப் பாத்து பாயிண்ட் குடுக்குதுன்னு ஒவ்வொரு டைலா எண்ணி முடிக்கறதுக்குள்ள காபி ஆறிடும். இதே ரெண்டு டிசைனர்ஸ் பண்ணின பழைய கேம் பிட்வீன் டூ சிட்டீஸ், 2015ல வந்தது, 4க்கு 4 கட்டம், அரை மணில முடிஞ்சிடும், கம்மியானதுதான் ஸ்கோர்ங்கற ரூல் அதுலயும் உண்டு. ஆனா மூணு பேர் ஆடினா மீனா அதுலயும் மத்தளம்தான்.

கேம் பேர்ல வர்ற அந்த லுட்விக் ராஜா கதையும் பாவம்தான். ஜெர்மனில இருக்குற பவேரியால 1869ல நொய்ஷ்வான்ஸ்டைன்ங்கற கோட்டையக் கட்ட ஆரம்பிச்சாரு, கடன் ஏறிக்கிட்டே போச்சு, 1886ல பைத்தியம்னு சொல்லி பதவிலேர்ந்து இறக்கிட்டாங்க, அடுத்த சில நாள்லயே ஏரில பொணமா கெடந்தாரு. கோட்டை கடைசி வரைக்கும் முழுசா முடியல.

பகடை மாமா:
கூட்டல் லேட்டாகுதுங்கறது நெசம். ஒருத்தர் எண்ண, ஒருத்தர் எழுதன்னு பிரிச்சுக்கிட்டா சீக்கிரம் முடியும். மீனா, உங்களுக்கு நல்ல வழி இன்னொரு ஆளை இழுத்துட்டு வர்றதுதான். 7 பேர் வரைக்கும் ஆடலாம், எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்கறதால பெருசா லேட் ஆகாது. நாலு பேர்னா நீங்க நடுவுல, அத்தை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், புது ஆள் உங்களுக்கு எதிர்ல. அம்மா-பையன் கோட்டையே இருக்காது.

மேடவாக்கம்_மீனா:
மாமா, கால்ல விழுறேன்! எதிர் ஃப்ளாட் அக்காவை ஞாயித்துக்கிழமைக்குக் கூப்பிட்டாச்சு. நீங்க சொன்ன மாதிரியே சேர் போட்டு வச்சேன். அத்தை வந்து பாத்துட்டு "நான் ஃபேனுக்கு நேரா உக்காந்தா தலை வலிக்கும்டி"ன்னு சேரை இழுத்துட்டுப் போய் பையன் பக்கத்துலயே போட்டுக்கிட்டாங்க.