ரெய்டில் கிடைத்த பொருளை விற்க ஏன் தடை? ‘சோல்பவுண்ட்’ பற்றி ஒரு சண்டை

சந்தைமுத்து:
வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் (வாவ்) ஆன்லைன் விளையாட்டில் போன வாரம் ஒரு ரெய்டு, அதாவது பலர் சேர்ந்து பாஸ் என்ற பெரிய எதிரியை அடிக்கும் ஆட்டம். அதில் என் வாரியருக்கு ஒரு டாகர் (குத்துவாள்) விழுந்தது. எனக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. எங்கள் கில்டில் (விளையாட்டுச் சங்கத்தில்) டாகர் பிடிக்கும் ரோக் அன்றைக்கு வரவில்லை, அவருக்குக் கொடுக்கவும் வழியில்லை. பொருள் ‘சோல்பவுண்ட்’, அதாவது என் கேரக்டரோடு பைண்ட் ஆகி ஒட்டிக்கொண்டது, கைமாற்ற முடியாது. கடைசியில் என்பிசி கடைக்காரரிடம் (விளையாட்டே இயக்கும் பாத்திரம்) சில்லறைக்குத் தள்ளிவிட்டேன். நான் அடித்த பாஸ், எனக்கு விழுந்த பொருள். அதை விற்க எனக்கு உரிமை இல்லையா?

கல்கோட்டை:
எல்லாப் பொருளும் அப்படி இல்லையே நண்பரே. கையில் எடுத்ததுமே ஒட்டிக்கொள்ளும் ‘எடுத்தால் பைண்ட்’ ஒரு வகை, ‘அணிந்தால் பைண்ட்’ இன்னொரு வகை. இரண்டாவதை அணியாத வரை, விளையாடுபவர்கள் பொருள்களை ஏலம் விடும் ஆக்‌ஷன் ஹவுஸில் தாராளமாக விற்கலாம். அணியப் போனால், இது இனி உங்களோடு ஒட்டிக்கொள்ளும், சரியா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். சரி என்றால் அதோடு முடிந்தது.

ஏன் இந்த ஏற்பாடு என்றால் 1999இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டைப் பாருங்கள். அதில் ‘நோ டிராப்’ முத்திரை இருந்தவற்றை மட்டும்தான் கைமாற்ற முடியாது. மற்றவை ஊர் சுற்றின. ஃபங்கை டியூனிக் என்று ஒரு சட்டை, ஒவ்வொரு டிக்குக்கும் (சில வினாடிக்கு ஒருமுறை) 15 உயிர்ப்புள்ளி தானாக ஏறும். லெவல் கட்டுப்பாடு கிடையாது. பெரிய ஆள் கழற்றியதை லெவல் 1 பொடியன் மாட்டிக்கொண்டு திரிவான். பழைய பொருள் அழியாது, புதியது வந்துகொண்டே இருக்கும். அப்புறம் விலை எங்கே நிற்கும்?

சந்தைமுத்து:
பொருள் அழிய வேண்டும், அவ்வளவுதானே? ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் கப்பல் வெடித்தால் கப்பல் போச்சு. அதில் மாட்டியிருந்த கருவிகளில் ஏறக்குறைய பாதி சிதைவில் மிஞ்சும், மீதி காணாமல் போகும். பைண்டிங்கே இல்லாமல் சந்தை ஓடுகிறதே!

கல்கோட்டை:
ஒரு விளையாட்டில் செத்தால் வாள் உடையும், இன்னொன்றில் அணிந்த வாள் சந்தைக்குத் திரும்பாது. இரண்டுமே பொருளைச் சந்தையிலிருந்து எடுக்கும் வழிதான். மூன்று மாதம் ரெய்டு போய் வாங்கிய வாள் ஒரே சாவில் உடைந்தால், இங்கே முதல் ஆளாகக் கத்தப்போவது நீங்கள்தான்.

தூக்கக்கலக்க ஹீலர்:
டையப்லோ 3 விளையாட்டை விட்டுவிட்டீர்களே. 2012இல் ஆக்‌ஷன் ஹவுஸோடு வந்தது, நிஜப் பணத்துக்கும் விற்கலாம். பேயை அடிப்பதைவிடக் கடையில் தேடுவதுதான் லாபம் என்று ஆகிப்போனது. 2014 மார்ச் 18 அன்று கடையை மூடினார்கள். ஒரு வாரத்தில் ரீப்பர் ஆஃப் சோல்ஸ் என்ற விரிவாக்கம் வந்தது. அதன்பின் லெஜண்டரி என்ற உயர்தரப் பொருள் எல்லாம் அக்கவுண்டோடு பைண்ட். விழுந்தபோது பார்ட்டியில் (கூட ஆடும் குழுவில்) இருந்தவருக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். நான் திரும்பி வந்ததே அதற்குப் பிறகுதான்.

சந்தைமுத்து:
அது பைண்டிங் செய்த மாயம் இல்லை ப்ரோ. அதே சமயம் லூட் முறையையே, அதாவது பொருள் விழும் முறையையே மாற்றினார்கள், உங்கள் கேரக்டர் வகைக்கு ஏற்ற பொருள் விழ ஆரம்பித்தது. முழுப் பெருமையையும் பைண்டிங்குக்கு எழுதி வைக்காதீர்கள்.

வியாபாரம்தான் நின்றதா? வாவின் பழைய வடிவமான வாவ் கிளாசிக்கில் ஜிடிகேபி என்ற ஏல ரெய்டு பார்த்திருப்பீர்கள். பாஸ் செத்ததும் அங்கேயே கோல்டில் (விளையாட்டுப் பணத்தில்) ஏலம். பொருள் பைண்ட்தான், ஆனால் யார் கையில் பைண்ட் ஆக வேண்டும் என்பதே விற்பனை. அந்த கோல்டை எத்தனை பேர் நிஜக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள். 2024இல் சீசன் ஆஃப் டிஸ்கவரி என்ற கிளாசிக் பதிப்பில் வாவை நடத்தும் ப்ளிஸார்டே அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

கல்கோட்டை:
ஜிடிகேபி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அங்கேயும் வாங்குபவர் ரெய்டுக்குள் நின்றாக வேண்டும். வீட்டில் படுத்துக்கொண்டு ஆக்‌ஷன் ஹவுஸில் வாங்க முடியாது.

வாவிலும் 2009இல் 3.2 பேட்சிலிருந்து (புதுப்பிப்பிலிருந்து) அந்த இரண்டு மணி நேரச் சலுகை உண்டு. தவறான ஆளுக்குப் போனால் முன்பு ஜிஎம்முக்கு (விளையாட்டு நிறுவனத்தின் உதவியாளருக்கு) டிக்கெட் போட்டுக் காத்திருப்போம். இப்போது பொருளின் மேல் மவுஸை வைத்தால் எவ்வளவு நேரம் மிச்சம் என்றே காட்டும். வார் விதின் விரிவாக்கம் வந்த பிறகு சில பொருள்களை நம்முடைய வேறு கேரக்டருக்கும் அனுப்பலாம். இன்னும் எவ்வளவுதான் தளர்த்துவது?

சந்தைமுத்து:
ஒன்றே ஒன்று. அதே கில்டில் இருப்பவர், அதே வாரம் அதே பாஸை வேறு குழுவோடு அடித்திருந்தால் அவருக்கும் கொடுக்க விடுங்கள். உழைக்காதவருக்கு ஒன்றும் போகாது.

தூக்கக்கலக்க ஹீலர்:
ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கில்டில் சேர்த்து, டாகரைக் கொடுத்து, கோல்டை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பும் கில்டு மறுநாளே முளைக்கும். சேர்ந்து ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்று போட்டால் நான் உங்கள் பக்கம்.