பொருள்: மறு: 'பார்ட்லி கரெக்ட்' – தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'பார்ட்லி கரெக்ட்', 'ஹாஃப் ட்ரூத்' இரண்டுக்கும் 'அரை உண்மை' போதுமே. எதற்கு இரண்டு சொல்?

போதாது ஐயா. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து பதினைந்தே நிமிடம் என்று மனை விளம்பரம் வருகிறது. பொய் இல்லை, விடியற்காலை நாலு மணிக்குக் காரில் போனால் பதினைந்து நிமிடம்தான். அந்த நாலு மணியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஹாஃப் ட்ரூத்' என்றால் பெரும்பாலும் இதுதான். சொன்னதில் பிழை இருக்க வேண்டியதில்லை, வில்லங்கமெல்லாம் விட்டதில் இருக்கிறது. 'அரை உண்மை' இதற்கே இருக்கட்டும்.

"மெட்ராஸுக்கு 1996இல்தான் சென்னை என்று பெயர் வைத்தார்கள்" என்பது வேறு கதை, 'பார்ட்லி கரெக்ட்' என்பது இதுதான். ஆண்டு சரி, ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வமாகச் 'சென்னை' ஆனது அப்போதுதான். ஆனால் தமிழில் அதற்கு வெகுகாலம் முன்பே சென்னை, சென்னப்பட்டணம் என்றுதான் வழக்கம். சொன்னவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவரிடம் போய் 'அரை உண்மை' என்றால் சண்டைக்கு வருவார். ('அரைகுறை' என்று சொன்னால் அடிக்கவே வருவார்.)

> 'முழுவதும் உண்மையல்ல' என்று எழுதினால் புதுச்சொல்லே வேண்டாம்.

எனக்குப் பயமே இதில்தான். "எல்லாரும் வரவில்லை" என்றால் சிலர் வந்தார்களா, ஒருவருமே வரவில்லையா? முற்றும்மை (ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் குறிக்கும் 'உம்') சில இடங்களில் எச்சமும் ஆகும், அதாவது கொஞ்சம் மிச்சம் வைக்கும் என்று நன்னூல் சொல்வது இந்தச் சிக்கலைத்தான். அதற்கு உரைகளில் காட்டும் உதாரணமும் 'எல்லாரும் வந்திலர்'. ஆங்கிலத்தில் 'நாட் என்டயர்லி ட்ரூ' என்றால் 'நாட்' முன்னால் நின்று 'என்டயர்லி'யைப் பிடித்துக்கொள்கிறது. நமக்கு 'அல்ல' கடைசியில் வருவதால் அது 'முழுவதும்' என்பதை மறுக்கிறதா, 'உண்மை'யை மறுக்கிறதா என்பது பேசுகிறவர் குரலில்தான் தெரியும். 'முழு உண்மையல்ல' என்று எழுதினால் தப்பிக்கலாம். அது ஒரு வாக்கியத்துக்குச் சரி, கலைச்சொல் பட்டியலுக்கு ஆகாது.

'குறைமெய்' அழகான சொல். ஆனால் மெய்யெழுத்தில் ஏதோ ஒரு வகை என்று நினைத்துக்கொள்வார்கள். 'பாதி சரி' பேச்சில் ஓடுகிறது, விடைத்தாளில் பாதி மார்க் போடுகிறவருக்குப் பொருந்தும். சென்னைப் பெயர்க் கதையில் எதை வைத்துப் பாதி என்று அளப்பது?

ஆகவே என் முன்மொழிவு 'பகுதிச்சரி'. இது சரி, இது தவறு என்று கூற்றைப் பிரித்துக் காட்ட முடிகிற இடத்தில் இது. பிரிக்க முடியாமல் அளவு மட்டும் குறைந்தால் பழைய 'ஓரளவு சரி'யே போதும். ஆங்கிலத்தில் 'பார்ட்லி', 'பார்ஷியலி' இரண்டையும் ஏறக்குறைய இப்படிப் பிரிப்பவர்கள் உண்டு, பலர் கண்டுகொள்வதில்லை. தவிர, 'பார்ஷியல்' என்பதற்கு ஒருதலைப்பட்சம் என்ற பொருளும் சேர்ந்து வரும். 'பகுதி'க்கு அந்த வம்பு கிடையாது. அப்படியானால் விகுதி எங்கே என்று இலக்கண நண்பர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

நடுவில் அந்த 'ச்' வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொன்னால் இன்றிரவே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து