நேப்பிள்ஸில் ஒரே நாள்: பொம்பெயியா, ஹெர்குலேனியமா?

தெம்பனிஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் என் தாயார், கணவர், உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகள் ஆகியோருடன் இத்தாலிக்குச் செல்கிறேன். திங்கள் நண்பகல் நேப்பிள்ஸ் சென்று புதன் காலை புறப்படுவதால், கடலோரத்து ரோமானிய நகரங்களைப் பார்க்கச் செவ்வாய் ஒரு நாள்தான் முழுதாகக் கிடைக்கிறது. அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி இருந்தாலும் பிடோக் நீர்த்தேக்கத்தோரம் தினமும் மெதுவாக நடப்பவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியரான அவர், பொம்பெயியில் தமிழகத்துத் தந்தச் சிலை ஒன்று கிடைத்ததாக எப்போதோ வாசித்திருக்கிறார். அதைப் பார்த்தே தீரவேண்டும் என்கிறார். பொம்பெயிக்கே போய்விடலாமா, அல்லது முதியவருடன் செல்வோருக்கு வேறு இடம் ஏற்றதா? சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

ஈசூன்வாசி:
வணக்கம் சகோதரி. நானும் என் பெற்றோரை அழைத்துச் சென்றேன். தயங்காமல் ஹெர்குலேனியத்தைச் சொல்வேன். இரண்டு நகரங்களையும் கி.பி. 79ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை புதைத்தது என்றாலும், புதைத்த விதம் வேறு. பொம்பெயியின் மேல் நுரைக்கல்லும் சாம்பலும் மணிக்கணக்கில் மழையாகப் பொழிந்ததால் பெரும்பாலான கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்தன. ஹெர்குலேனியத்தையோ கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த பெருக்கு ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்துக்கு மூடிவிட்டதால், மரப்பொருள்கள் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி அப்படியே நின்றன. ஒரு வீட்டின் கூடத்தில் மரத் தடுப்புக் கதவு இன்றும் நிற்கிறது. தச்சு வேலை செய்த என் தந்தை, கரியாகிப்போன அந்தச் சட்டங்களின் பொருத்துகளைப் பார்த்தபடி கால் மணி நேரம் நகரவே இல்லை.

அகழ்ந்த பகுதி சிறியது என்பதால், மூன்று மணி நேரத்தில் அவசரமின்றிப் பார்த்துவிடலாம். அன்று கடற்கரையாக இருந்த இடத்தில் உள்ள படகுக் கொட்டடிகளில், கடல் வழியே தப்பக் காத்திருந்த ஏறத்தாழ 300 பேரின் எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. கடல் இப்போது தொலைவாக விலகிவிட்டது. அந்தக் காட்சிக்கு உங்கள் மகளை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துங்கள்.

நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்திலிருந்து சோரெண்டோ செல்லும் வட்டார ரயிலில் ஏறி, எர்கோலானோ ஸ்காவி நிலையத்தில் இறங்குங்கள். நம் சிங்கப்பூர்ப் பெருவிரைவு ரயிலை மனத்தில் வைத்துச் செல்லாதீர்கள். குளிரூட்டல் பெரும்பாலும் இராது, நெரிசல் மிகுதி, கைப்பையை முன்புறம் அணைத்துக்கொள்வது நல்லது. நிலையத்திலிருந்து ஒரே நேர்ச்சாலை இறக்கமாகச் செல்வதால் போகும்போது சிரமம் இல்லை. திரும்பும்போது அதுவே ஏற்றம் என்பதால், அம்மாவுக்கு ஒரு டாக்சி பிடித்துவிடுங்கள்.

பொங்கோல்வாசி:
ஈசூன் அன்பர் சொல்வது சரி. ஆயினும் பொம்பெயியைப் பார்க்காமல் திரும்பினால் மகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு முழு நகரம் என்றால் என்ன என்பது அங்கேதான் புரிகிறது: தெருக் கற்களில் வண்டிச் சக்கரங்கள் பதித்த தடம், தெருவைக் கடக்க இட்ட உயரக் கற்கள், சூடான உணவு விற்ற கடைகளின் மேடைகளில் பதித்த பானைகள். உணவங்காடியில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த மேடைகளை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி. நுழைவுச்சீட்டில் பெயரும் இருக்க வேண்டும் என்பதால் முன்பதிவு செய்யுங்கள். ஜூன் வெயிலில் நிழல் அரிது. முழங்கால் வலி உள்ளவர்கள், ஆம்பிதியேட்டர் பக்க வாயிலில் தொடங்கும் சமதளப் பாதையில் மட்டும் நடப்பது நல்லது.

ஜூரோங்வாசி:
முதலில் சிலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பொம்பெயியில் இல்லை. 1938இல் அங்கே ஒரு வீட்டில் கிடைத்த அச்சிலை, நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுருவம்; இலட்சுமி என்று பெயர் பெற்றிருந்தாலும் யட்சி என்று கருதும் அறிஞர்கள் உண்டு. உச்சந்தலையில் துளை இருப்பதால், மேசை போன்ற பொருளுக்குக் காலாக இருந்திருக்கலாம். இதை ஒத்த தந்த உருவங்கள் மகாராஷ்டிரத்தின் போகர்தனிலும் தேரிலும் கிடைத்துள்ளன. அடியில், பண்டை வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்தும் உள்ளது. ஆகவே இதைத் தமிழகத்துச் சிலை என்று சொல்வதற்கில்லை. ஆசிரியராக இருந்த அம்மையாரிடம் இதை மறைக்காமல் சொல்வதே மரியாதை என்று கருதுகிறேன். அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். சிலை உள்ள தனி அறையில் பாலியல் சார்ந்த ரோமானியக் கலைப்பொருள்களும் இருப்பதால், மகளை அழைத்துச் செல்லும்முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழகத்தின் தடம்தான் வேண்டும் என்றால், நேப்பிள்ஸுக்கு மேற்கே உள்ள பொட்சுவோலிக்குச் செல்லுங்கள். அக்காலத்தில் புத்தியோலி என்று பெயர் பெற்றிருந்த அத்துறைமுகத்துக்குத்தான் அலெக்சாந்திரியாவின் கப்பல்கள் வந்தன. சேரநாட்டுத் துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியே எகிப்தை அடைந்து, அலெக்சாந்திரியாவிலிருந்துதான் மறுபடி கப்பலேறியது. அங்கே பழைய அங்காடி ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. ஆளுயரத்துக்கு மேலே அவற்றில் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் பட்டையாகத் தெரியும். நிலம் கடலுக்குள் தாழ்ந்து மீண்டும் எழுந்ததற்கு அத்துளைகளே சான்று. தெருவிலிருந்தே பார்க்கலாம் என்பதால் முழங்காலுக்கும் சிரமமில்லை. அங்கே நிலம் இன்றும் அசைகிறது. சிறு நிலநடுக்கங்கள் அடிக்கடி வருவதால், புறப்படும் முன் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்வாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவ்வாய் விடுமுறை என்பது தெரியாமல் அன்றுதான் அருங்காட்சியகம் செல்லவிருந்தோம். திங்கள் பிற்பகலுக்கு மாற்றிவிட்டேன். செவ்வாய் காலை ஹெர்குலேனியம், மாலை வெயில் தாழ்ந்தபின் பொட்சுவோலி. பொம்பெயியை இம்முறை விட்டுவிடுகிறோம், மகளும் ஒப்புக்கொண்டாள். சிலை தமிழகத்தது அன்று என்று சொன்னதும் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, யவனர் கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு (அதாவது மிளகோடு) பெயர்ந்ததைச் சொல்லும் அகநானூற்றுப் பாடலை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கறி போய் இறங்கிய துறையில் தமக்கு அரை மணி நேரமாவது உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்டார். தூண்களுக்கு அருகில் நிழலில் இருக்கை ஏதும் உண்டா, ஜூரோங் ஐயா?

ஜூரோங்வாசி:
உண்டு. அங்காடியைச் சுற்றியுள்ள வேலியோரம் மரங்களும் இருக்கைகளும் உள்ளன. துறைமுகமும் அங்கிருந்து சில நிமிட நடைதான்.