மறுமொழி: முதிர்ந்த சாலைமர வரிசைகளின் நெடுங்காலப் பேணலுக்கு ஒரு சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பொதுவழிகளின் இருமருங்கும் நடப்பட்டு முதிர்ந்துவிட்ட மரவரிசைகளைப் பல பத்தாண்டுகள் காத்து, உரிய காலத்தில் புதுப்பிக்கும் பணிக்கு இந்த இழையில் 'நிழற்சாலைப் பராமரிப்பு', 'மரவரிசை மேலாண்மை', 'படிநிலை மறுநடவு' என மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றும் நல்ல தமிழே. ஆனால் இப்பணி மற்ற மரப் பராமரிப்பிலிருந்து எங்கே வேறுபடுகிறதோ, அந்த இடத்தை அவை தொடவில்லை என்று கருதுகிறேன்.

பூங்காவிலோ தோப்பிலோ பல வயது மரங்கள் கலந்து நிற்கும். ஒன்று பட்டுப்போனால் மற்றவை அந்த இடத்தை மெல்ல நிரப்பிக்கொள்ளும். சாலையோர வரிசையோ பெரும்பாலும் ஒரே காலத்தில், ஒரே இனத்தில், ஒரே இடைவெளியில் நடப்பட்டது. அதனால் அதன் மரங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முதிர்ந்து, ஒரே காலத்தில் தளர்கின்றன. இதோடு அடிமரம் வரை கான்கிரீட் போடுவதும், வடிகாலுக்கும் கம்பிவடத்துக்கும் பள்ளம் தோண்டும்போது ஒருபக்க வேர்களை அறுப்பதும், மின்கம்பிக்காக மறுபக்கக் கிளைகளை மட்டும் கழிப்பதும் சேர்ந்தால், வெளியே பசுமையாகத் தெரியும் மரம்கூடத் தாங்குபிடியை இழந்துவிடுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருவோர மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அன்று எந்த மரம் விழுந்தது என்று கணக்கெடுத்தவர்கள் இருந்தார்கள். எந்த வரிசை குலைந்தது, அதை எப்படி மீட்பது என்று கேட்பதற்கு நம்மிடம் நிலைபெற்ற ஒரு சொல்கூட இல்லை.

ஆகவே நாம் தேடும் சொல்லின் பொருள் தனிமரமன்று, வரிசையே. மரம் சாகும், முறையாகப் பேணினால் வரிசை வாழும். நெடுஞ்சாலை மரங்களில் கருப்பு வெள்ளைப் பட்டை தீட்டி எண் எழுதும் வழக்கத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த எண் மரத்துக்கு உரியதாக மட்டும் இருந்தால், மரம் போனதும் எண்ணும் போய்விடும். மரம் நின்ற இடத்துக்கு எண் கொடுத்தால், மரம் இல்லாத இடமும் பதிவேட்டில் வெற்றிடமாகத் தொடர்ந்து நிற்கும். அங்கே நட வேண்டிய கடமையும் நிற்கும். இதை 'நிலையிடம்' எனலாம்.

இப்போது முன்மொழிவுகளுக்கு வருகிறேன். 'நிழற்சாலை' அழகிய சொல் என்று அதை முன்மொழிந்த அம்மையார் கூறியதை ஏற்கிறேன். ஆனால் அண்ணா நகர் போன்ற பகுதிகளில் அது தெருப்பெயரின் ஒரு பகுதியாகிவிட்டது. மரமே இல்லாத தெருவையும் அது குறிக்கக்கூடும். பழைய அகராதிகள் 'சாலை' என்ற சொல்லுக்கே இருபுறமும் மரம் நிறைந்த வழி என்ற பொருளையும் தருகின்றன. மங்கம்மாள் சாலை என்று தென்மாவட்டத்தார் இன்றும் சொல்லும்போது அந்தப் பழம்பொருள் ஓரளவு உடன்வருகிறது. அன்றாட வழக்கில் 'சாலை' வெறும் தார்ச்சாலையாகிவிட்டதால் அதை மட்டும் நம்பிச் சொல் அமைக்க முடியாது.

'வரிசை' எளிது, ஆயினும் தொகைச்சொல்லில் சீர்வரிசையின் நிழல் விழுகிறது. 'நிரல்' கணினித்துறைக்குப் போய்விட்டது. எஞ்சுவது, வரிசை என்றே பொருள்படும் 'நிரை'. ஆநிரை (பசுக்கூட்டம்) நினைவுக்கு வருமே என்ற தயக்கம் எழலாம். 'மரநிரை' என்று சேர்த்துச் சொல்லும்போது அந்த மயக்கம் தீர்ந்துவிடுகிறது.

'படிநிலை மறுநடவு' பற்றி அதை முன்மொழிந்த ஐயா விரிவாக எழுதியிருந்தார். என் தடை ஒன்றே. அது பல வழிகளில் ஒன்றை, கட்டம் கட்டமாக நடுவதை மட்டும் சுட்டுகிறது. லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1661-இல் நடப்பட்ட லிண்டன் மரநிரை 2000-களின் தொடக்கத்தில் முழுவதுமாக அகற்றப்பட்டுப் புதிதாக நடப்பட்டது. அந்நாட்டின் விண்சர் அரண்மனையை அடுத்த நெடுநடைபாதையின் (Long Walk) எல்ம் மரங்களுக்கு 1940-களில் அதே நிலை நேர்ந்தது. அங்கே பின்னர் பிளேன் மரங்களும் குதிரைக் கஷ்கொட்டையும் வந்தன. இவை படிநிலை நடவுகள் அல்ல. ஆனால் நிரையைக் காக்கும் பணியே. விழுந்த இடத்தில் மட்டும் கன்று வைக்கும் முறை மக்கள் மனத்துக்கு இதமானது. எனினும் இருபுறமும் பெருமரங்கள் கவிந்த நிழலில் அந்தக் கன்று ஒளியைத் தேடி மெலிந்து நெடுகும், வேர்ப்போட்டியில் தோற்கும். சில பத்தாண்டுகளில் நிரையின் ஒழுங்கு சிதைந்துவிடும். நிரையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒரு துண்டு முழுவதையும் மாற்றி, அது தலையெடுத்த பின் அடுத்த துண்டுக்குப் போவது கண்ணுக்குக் கடுமையாகத் தெரிந்தாலும் மரத்துக்கு நல்லது. சாலையோரப் புறம்போக்கு மிச்சமிருக்கும் இடங்களில் பழைய நிரைக்கு வெளியே புதுநிரை ஒன்றை முன்கூட்டியே வளர்த்து, அது நிழல் தரத் தொடங்கிய பின் பழையதை விடுவிப்பதே ஆகச் சிறந்தது என்பது என் துணிபு. புளியமர நிரைகளுக்கு இதைச் செய்திருந்தால் சாலை அகலப்படுத்தலில் நாம் இழந்தவற்றுள் ஒருபகுதியாவது இன்று மறுதலைமுறையாக நின்றிருக்கும்.

பழுதுபார்த்தல், காலம் நீட்டித்தல், மாற்றிநடுதல் ஆகிய அனைத்தையும் தழுவும் சொல்லாக 'புதுக்கு' என்பதை முன்வைக்கிறேன். கோயிலைப் பழுதுபார்ப்பதற்கென்று விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'புதுக்குப்புறம்' என்கின்றன. கட்டடம் ஒன்று, அதைத் தலைமுறைதோறும் சீராக்கும் கடமை ஒன்று, அந்தக் கடமைக்கான வருவாய் ஒன்று என மூன்றையும் அந்த ஒரு சொல் பிணைத்து வைத்திருக்கிறது. முதிர்ந்த மரநிரைக்கும் இதே பிணைப்புதான் தேவை. நடவு நாளுக்குப் பணம் கிடைக்கிறது, அதற்குப்பின் வரும் அறுபது ஆண்டுகளுக்குக் கிடைப்பதில்லை. எனவே முழுச்சொல் 'மரநிரைப் புதுக்கு'. அதற்கென ஒதுக்கும் நிலைநிதி 'நிரைப்புதுக்குப்புறம்'.

இதன்கீழ் வரும் துணைச்சொற்களையும் சேர்த்தே முடிவு செய்வது நல்லது. பட்டுப்போன இடத்தில் மட்டும் நடுவதற்கு, நெல் வயலிலும் கரும்பிலும் உழவர் சொல்லும் 'பாடுவாசி' இருக்கும்போது புதிதாக ஆக்க வேண்டியதில்லை. 'பாடுவாசி நடவு' போதும். பகுதி பகுதியாக மாற்றுவது 'துண்டுமாற்று', ஒரேயடியாக மாற்றுவது 'முழுமாற்று', வெளியே வளர்க்கும் புதுநிரை 'புறநிரை'. மூத்த மரம் நுனிக்கிளைகளைத் தானாகவே இழந்து உள்ளொடுங்குவதைப் பின்பற்றி, ஆண்டுகள் இடைவிட்டுச் சிறிது சிறிதாகத் தலையைக் குறைப்பதற்கு 'ஒடுக்கக் கவாத்து' என்று பரிந்துரைக்கிறேன் (கவாத்து என்பது கிளை கழிப்பு). ஒரே நாளில் மொட்டையடிப்பதையும் அலுவலகத் தாள்களில் 'கவாத்து' என்றே எழுதிவிடுவதால், இந்த வேறுபாட்டைச் சொல் அளவிலேயே காட்டியாக வேண்டும். அரசு நிலத்து மரத்தை வெட்டுவதற்கான கோரிக்கை மாவட்டப் பசுமைக் குழுவின் முன் வரும்போது, அந்த வெட்டு துண்டுமாற்றின் ஒரு கட்டமா, எந்தத் திட்டத்திலும் சேராத இழப்பா என்று உறுப்பினர் ஒருவர் தமிழில் கேட்கவும் இச்சொற்கள் பயன்படும்.

நெடுஞ்சாலைகளில் மரம் பேணிய பழைய சாலைப் பணியாளர்களிடமோ, புளி மகசூல் ஏலம் எடுத்தவர்களிடமோ 'நிலையிடம்', 'புறநிரை' ஆகியவற்றுக்கு ஈடான வழக்குச்சொல் இருந்தால் என் ஆக்கங்களை விட்டு அவற்றையே கொள்ள வேண்டும். திண்டுக்கல், தேனி, கிருஷ்ணகிரிப் பகுதி அன்பர்கள் கேட்டறிந்து எழுதுமாறு வேண்டுகிறேன்.